ஏர்பிரஷ் வாங்கப் போறீங்களா? கடலோர வீட்டுக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரஸரைத்தான்!

ஸ்கேல் மாடலுக்கு பெயின்ட் அடிக்க எந்த ஏர்பிரஷ் நல்லது? கொட்டிவாக்கம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் வசிப்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்? பணத்தை எதில் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்? முழுமையான வழிகாட்டி இது.

‘ஏர்பிரஷ்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாணப் பெண்ணின் மேக்கப்தான். முகூர்த்தத்துக்கு முந்தைய மாதமே பியூட்டிஷியன்கள் கேட்பார்கள், “சாதா மேக்கப்பா, ஏர்பிரஷ் மேக்கப்பா?” என்று. பிறந்தநாள் கேக்கின் மேல் வானவில் நிறம் அடிப்பதும், நகங்களில் டிசைன் போடுவதும், பைக் பெட்ரோல் டேங்கில் புலியை வரைவதும் இதே கருவிதான். பேனா அளவே இருக்கும். காற்றையும் வண்ணத்தையும் கலந்து பனிபோல மெல்லியதாகத் தூவும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்தக் கருவியின் இன்னொரு பெரிய ரசிகர் கூட்டம், ஸ்கேல் மாடல் செய்பவர்கள். நிஜ விமானம், டாங்கி, கார், கப்பல், ரயில் ஆகியவற்றை அளவு மாறாமல் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வண்ணம் தீட்டி அலமாரியில் வைப்பவர்கள். 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு நம் விமானப்படை விடைகொடுத்தது. 1963-ல் சேர்ந்து, 60 ஆண்டுகளுக்கு மேல் பறந்த விமானம். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, “எனக்கு அந்த விமானத்தைச் செய்யணும்ப்பா” என்று பிள்ளைகள் கேட்டிருக்கலாம். ‘சின்ன வயதில் விட்டதை ரிட்டயர் ஆன பிறகாவது செய்து பார்ப்போம்’ என்று அப்பாக்களே கிட் வாங்கியும் இருக்கலாம்.

கிட் வாங்கி ஒட்டி முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வரும்: பெயின்ட் அடிப்பதற்கு ஏர்பிரஷ் வாங்கலாமா? வாங்கலாம் என்றால், எதை?

சாதாரண பிரஷ் போதாதா?

போதும். முதல் இரண்டு, மூன்று மாடல்களுக்கு நிச்சயம் போதும். பொம்மை வீரர்களின் முகம், விமானி அறைக்குள் இருக்கும் பொத்தான்கள், டயர் போன்ற சின்ன வேலைகளுக்கு எத்தனை ஏர்பிரஷ் வைத்திருந்தாலும் கடைசியில் கை பிரஷ்தான்.

சிக்கல், பெரிய பரப்புகளில் வருகிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மிக்-21 விமானம் சுமார் 15 மீட்டர் நீளம். 1/72 அளவில் அது சுமார் 20 சென்டிமீட்டர். அதன் மேல் கை பிரஷால் அடித்த பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் கனம் இருந்தால், நிஜ விமானத்தின் கணக்கில் அது 7 மில்லிமீட்டர் கனம்! எந்த விமானமாவது இரண்டு தோசை கனத்துக்கு பெயின்ட் பூசிக்கொண்டு பறக்குமா? தகடுகளின் இணைப்புக் கோடு, ஆணித் தலை என்று கிட் தயாரித்தவர்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய நுணுக்கமெல்லாம் அதற்குள் மூழ்கிவிடும்.

ஏர்பிரஷ் தூவும் பூச்சு இதைவிடப் பல மடங்கு மெல்லியது. பிரஷ் தடம் விழாது. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெதுவாக மாறுவது, வெயிலில் வெளுத்த மாதிரி காட்டுவது, புகை படிந்த தோற்றம் எல்லாம் இதில்தான் இயல்பாக வரும்.

இடையில் ஒரு வழியும் உண்டு. ஒரே நிறத்தில் பளபளவென்று இருக்க வேண்டிய கார் என்றால் ஸ்ப்ரே கேன் போதும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையோ, அம்பாஸடரையோ ஒரே ஒரு முறை செய்து பார்க்க ஆசைப்படுபவர், அதற்காக ஏர்பிரஷ், கம்ப்ரஸர் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு மாடல்கள்தான் செய்வீர்கள் என்றால், பணத்தை இன்னும் இரண்டு கிட்டுக்குச் செலவழியுங்கள். மாதம் ஒன்று என்ற வேகம் வந்துவிட்டதா? மேலே படியுங்கள்.

150 வயதை நெருங்கும் கருவி

1870-களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் என்பவர் காற்றால் வண்ணம் தூவும் கருவியை உருவாக்கினார். 1890-களில் சார்லஸ் பர்டிக் வடிவமைத்த கருவிதான், இன்று நாம் பார்க்கும் பேனா வடிவத்துக்கு முன்னோடி. போட்டோ ஸ்டுடியோக்களில் படங்களுக்கு டச்சப் செய்ய இது நீண்ட காலம் பயன்பட்டது. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஸ்டுடியோவிலிருந்து விடைபெற்று மாடல், மேக்கப், கேக் என்று வேறு வீடுகளுக்குக் குடிபோய்விட்டது.

அதன் இயக்கம் எளிது. உள்ளே நீளமான ஓர் ஊசி. அதன் முனை, ‘நாசில்’ எனப்படும் சின்னஞ்சிறு துளையை அடைத்துக்கொண்டிருக்கும். ஊசி பின்னால் நகரும்போது துளை திறந்து பெயின்ட் வரும். சுற்றிலும் வேகமாகப் பாயும் காற்று அதை உறிஞ்சி, உடைத்து, பனியாகத் தூவும். ஊசி எவ்வளவு பின்னால் போகிறதோ, அவ்வளவு பெயின்ட்.

ஏர்பிரஷில் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா? சிங்கிள் ஆக்‌ஷனில் விசையை அழுத்தினால் காற்றும் பெயின்ட்டும் சேர்ந்தே வரும். டபுள் ஆக்‌ஷனில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். பழக ஒரு வாரம் கூடுதலாக ஆகும். ஆனால், மெல்லிய கோட்டையும் அகலமான பட்டையையும் கையை எடுக்காமலேயே போடலாம். டபுள் ஆக்‌ஷனையே வாங்குங்கள். விரல் வலி, மூட்டுவலி இருப்பவர்களுக்கு, துப்பாக்கி போலப் பிடித்து இழுக்கும் பிஸ்டல் கிரிப் வகை வசதியாக இருக்கும்.

2. கப் எங்கே இருக்கிறது? மேலே கப் இருந்தால் பெயின்ட் தன் எடையிலேயே இறங்கும். குறைந்த காற்றழுத்தம் போதும், நாலு சொட்டு பெயின்ட்டை வைத்துக்கொண்டும் வேலை செய்யலாம், கழுவுவதும் சுலபம். கீழே பாட்டில் தொங்கும் வகை, அதிக பெயின்ட் தேவைப்படும் பெரிய வேலைகளுக்கானது. மாடலுக்கு மேல் கப்தான் சரி.

3. நாசில் அளவு என்ன? 0.2 மி.மீ. என்பது நுண்ணிய வேலைக்கு. 0.5 மி.மீ. என்பது பிரைமர், வார்னிஷ், பெரிய பரப்புகளுக்கு. நடுவில் இருக்கும் 0.3 மி.மீ. ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்யும். ‘சின்னத் துளைதான் நுணுக்கம்’ என்று நினைத்து முதலிலேயே 0.2 வாங்குபவர்கள், நம் ஊர் வெயிலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடைப்பு எடுத்துக்கொண்டிருக்க நேரிடும். முதல் ஏர்பிரஷுக்கு 0.3 போதும்.

4. நாசில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? சிலவற்றில் அரிசிமணி அளவு நாசிலைக் குட்டி ஸ்பேனரால் திருக வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் அதன் மரை ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். செருகி வைத்து, மேல்மூடியால் இறுக்கும் வகை புதியவர்களுக்குப் பாதுகாப்பு.

5. உள்ளே இருக்கும் வாஷர்கள் எதனால் ஆனவை? சாதாரண ரப்பர் வளையங்கள் லேக்கர் தின்னரில் ஊறி உப்பிவிடும். டெஃப்லான் வகை வாஷர்கள் தாக்குப்பிடிக்கும். விளம்பரத்தில் எழுதியிருக்காவிட்டால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

6. ஸ்பேர் கிடைக்குமா? இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஊசி ஒருமுறை கைதவறிக் கீழே விழுந்து முனை வளைந்தால் வண்ணம் கோணலாகத்தான் வரும். ஜப்பானின் இவாடா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக், அமெரிக்காவின் பேட்ஜர், பாஷே போன்ற பிராண்டுகளின் பலமே, பல வருடங்கள் கழித்தும் ஊசியும் நாசிலும் தனியாகக் கிடைப்பதுதான். பெயரில்லாத செட்கள் விலை குறைவு. பழகுவதற்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால், ஆர்டர் போடும் அன்றே அதே மாடலுக்கான ஊசியும் நாசிலும் ஒரு ஜோடி சேர்த்து வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் அதே பொருள் அதே கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவிடமோ அத்தையிடமோ வாங்கிவரச் சொல்பவர்களுக்கு மூன்று குறிப்புகள். அமெரிக்க கம்ப்ரஸர் வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. ஸ்ப்ரே பெயின்ட் கேன், தீப்பற்றக்கூடிய பெயின்ட், தின்னர் எதையும் விமானப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. மூன்றாவது, ஹோஸ் மாட்டும் மரை. பெரும்பாலான ஏர்பிரஷ்களில் 1/8 அங்குல பி.எஸ்.பி. மரைதான். சில அமெரிக்க பிராண்டுகளின் மரை வேறு, அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

காசைப் போட வேண்டிய இடம், கம்ப்ரஸர்

ஏர்பிரஷ் பற்றி ஒரு வாரம் யோசிப்பவர்கள், கம்ப்ரஸரை ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தலைகீழாக இருக்க வேண்டும். ஏர்பிரஷை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். நல்ல கம்ப்ரஸர் பத்து வருடம் உழைக்கும்.

வாங்க வேண்டியது, சின்ன டேங்க் உள்ள, எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத பிஸ்டன் கம்ப்ரஸர். டேங்க் மூன்று லிட்டர் இருந்தால் போதும். டேங்க் இல்லாதவற்றில் காற்று துடித்துத் துடித்து வரும். மெல்லிய கோடு போடும்போது அது புள்ளி புள்ளியாகத் தெரியும். டேங்க் இருந்தால் மோட்டாரும் இடையிடையே ஓய்வெடுக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இது முக்கியம். கீழ்வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்தில் இருப்பார் அல்லவா?

அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், அழுத்தம் காட்டும் மீட்டர், காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் மாய்ஸ்ச்சர் ட்ராப், டேங்க் நிறைந்ததும் தானாக நிற்கும் ஆட்டோ சுவிட்ச், சேஃப்டி வால்வு. இந்த ஐந்தும் கட்டாயம். மாடல் வேலைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். மெல்லிய கோட்டுக்கு இன்னும் குறைக்கலாம்.

சார்ஜ் செய்து கையிலேயே பிடித்துக்கொள்ளும் குட்டி கம்ப்ரஸர்கள் இப்போது நிறைய வருகின்றன. பழகிப் பார்க்க சரிதான். அழுத்தத்தை நுணுக்கமாக மாற்ற முடியாதது அவற்றில் பலவற்றின் குறை. ‘வீட்டில்தான் நெபுலைசர் மெஷின் இருக்கிறதே’ என்று நினைக்காதீர்கள். அதன் அழுத்தம் இதற்குப் போதாது, நோயாளியின் கருவியில் பெயின்ட் படவும் கூடாது. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை மாற்றியமைத்துப் பயன்படுத்துபவர்களும் உண்டு. சத்தம் குறைவு என்பது உண்மை. ஆனால் சேஃப்டி வால்வும் தானாக நிற்கும் வசதியும் இல்லாமல் டேங்க்கில் காற்றை ஏற்றுவது ஆபத்து. விஷயம் தெரிந்த மெக்கானிக் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

கொட்டிவாக்கம் காற்றும் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரும்

திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வசிப்பவர்களுக்கு ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு ஜாடியில் உப்பு கசியும். அப்பளம் நமத்துப்போகும். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். அதே காற்றைத்தான் கம்ப்ரஸரும் உறிஞ்சுகிறது.

எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போடலாம். 30 டிகிரி வெப்பத்தில், 75 சதவிகித ஈரப்பதத்தில், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றை நான்கைந்து மடங்கு அழுத்தி டேங்க்கில் அடைத்தால், அவ்வளவு ஆவியையும் அதனால் தாங்க முடியாது. துணியைப் பிழிந்ததுபோலத் தண்ணீர் வெளியே வந்துவிடும். ஏர்பிரஷ் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் காற்றைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் தொடர்ந்து அடித்ததும் 10 முதல் 15 மில்லி தண்ணீர் சேர்ந்திருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன்! அதில் ஒரே ஒரு துளி ஹோஸ் வழியாக வந்து பாதி முடித்த இறக்கையின் மேல் தெறித்தால் போதும், ஒரு வார உழைப்பு போச்சு.

ஆகவே, கடலோர வீடுகளில் செய்ய வேண்டியவை:

* கம்ப்ரஸரில் ஒரு மாய்ஸ்ச்சர் ட்ராப், ஏர்பிரஷுக்குப் பக்கத்தில் ஹோஸில் இன்னொரு குட்டி ட்ராப் என இரண்டு வையுங்கள்.

* வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் டேங்க்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். விட்டுவிட்டால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அழுத்தம் தாங்க வேண்டிய பாத்திரம் துருப்பிடிப்பது நல்லதல்ல.

* ஏ.சி. அறை இருந்தால், கம்ப்ரஸரை அங்கே வைத்து, நீளமான ஹோஸை வெளியே இழுத்து, காற்றோட்டமான இடத்தில் பெயின்ட் அடிக்கலாம். ஏ.சி. அறைக் காற்றில் ஈரம் குறைவு. டேங்க்கில் சேரும் தண்ணீர் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏ.சி. அறைக்குள்ளேயே கதவை மூடிக்கொண்டு பெயின்ட் மட்டும் அடிக்கக் கூடாது.

* நேரம் பாருங்கள். விடியற்காலையில் ஈரப்பதம் அதிகம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால் ஈரத்தோடு தூசியும் மணலும் வரும். காலை 10 மணியிலிருந்து கடல்காற்று தொடங்கும் வரை உள்ள நேரம்தான் சிறந்தது.

* ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் பளபளப்பான லேக்கர் அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். அதில் காற்றின் ஈரம் படிந்து, பெயின்ட் பால் பூத்ததுபோல வெளுத்துவிடும். அந்த நாள்களைப் பாகங்களை ஒட்டவும், உப்புத்தாள் தேய்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

* ஏர்பிரஷைத் துடைத்துக் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுடன் வையுங்கள். புது ஷூ, ஹேண்ட்பேக் வாங்கும்போது கிடைக்கும் பாக்கெட்டே போதும். உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்.

பால் பதம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பாட்டிலில் இருக்கும் பெயின்ட் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். அதைத் தின்னர் விட்டு ‘பால் பதத்துக்கு’க் கொண்டுவர வேண்டும். கப்பின் சுவரில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். ஆடை நீக்கிய பால்போல மெல்லிய படலம் விட்டு இறங்கினால் சரியான பதம். மோர்போலத் திட்டுத்திட்டாக நின்றால் இன்னும் கெட்டி. தண்ணீராக ஓடிவிட்டால் தின்னர் அதிகம்.

எந்த பெயின்ட்டோ, அதற்குரிய தின்னர். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். டமியா அக்ரிலிக் போன்றவை ஆல்கஹால் சார்ந்தவை. வல்லெஹோ போன்றவை தண்ணீர் சார்ந்தவை. ஒன்றின் தின்னரை இன்னொன்றில் ஊற்றினால் பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் மலிவுதான். ஆனால், அது மாடலின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். கருவியைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புது திரவத்தையும் முதலில், பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் சோதித்துப் பாருங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் இன்னொரு தொல்லை: தண்ணீர் சார்ந்த பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்துபோகும். காய்வதைத் தாமதப்படுத்தும் ‘ரிட்டார்டர்’ இரண்டு சொட்டு விடுவதும், அவ்வப்போது முனையை ஈரமான பட்ஸால் துடைப்பதும் இதற்கு வழி.

ஆசை இருக்கலாம், மூச்சு அதைவிட முக்கியம்

பட்டியலில் பலரும் கடைசியில் எழுதி, பிறகு பணம் போதவில்லை என்று அடித்துவிடுவது முகக்கவசத்தை. அது பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டும்.

ஏர்பிரஷ் பெயின்ட்டை நுண்துகளாக்குகிறது. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய துகள்கள் அவை. ‘தண்ணீர் பெயின்ட்தானே’ என்று அலட்சியம் வேண்டாம். துகள் துகள்தான். அதற்கு என்95 மாஸ்க் உதவும். ஆனால் லேக்கர், எனாமல் அடித்தால் என்95 போதாது. அது துகளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் பொருத்திய அரைமுக ரெஸ்பிரேட்டர் தேவை. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மாஸ்க் போட்ட பிறகும் தின்னர் வாசனை வந்தால், கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது அல்லது முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

மாஸ்க் உங்களை மட்டும்தான் காக்கும். வீட்டில் இருக்கும் குழந்தைக்கும், ஆஸ்துமா உள்ள பாட்டிக்கும், கர்ப்பிணிக்கும் மாஸ்க் யார் போடுவது? காற்றை வெளியே தள்ளும் ஏற்பாடு வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனும் குழாயும் உள்ள ஸ்ப்ரே பூத் வாங்கலாம். அதன் குழாயைக் கடலைப் பார்த்த ஜன்னலில் விடாதீர்கள். கடல்காற்று எல்லாவற்றையும் திரும்ப வீட்டுக்குள்ளேயே அனுப்பிவிடும். எதிர்ப்பக்க ஜன்னல்தான் சரி. பக்கத்து வீட்டின் சமையலறைக்கும் துணி காயும் கொடிக்கும் நேராக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தின்னர் ஆவி தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்திச் சுருள் எரியும் இடத்தில் பெயின்ட் அடிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: தின்னரை ஒருபோதும் தண்ணீர் பாட்டிலிலோ, கூல் டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய டின்னிலேயே, பெயர் தெரியும்படி, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அழுக்குத் தின்னரைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். தனி டின்னில் சேர்த்து வையுங்கள். கசடு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததைக் கருவி கழுவப் பயன்படுத்தலாம்.

பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு ஏர்பிரஷ் தரலாமா? தண்ணீர் சார்ந்த பெயின்ட், மாஸ்க், பக்கத்தில் பெரியவர் ஒருவர் என்றால் தரலாம். லேக்கரும் எனாமலும் அவர்கள் வளரும் வரை காத்திருக்கட்டும்.

கோலம் போட்டுப் பழகுங்கள்

கருவி வந்த அன்றே மாடல் மேல் கை வைக்க வேண்டாம். கப்பில் தண்ணீரும் நாலு சொட்டு இங்க்கும் விட்டு, பழைய நாளிதழின் மேல் பழகுங்கள். இதற்கு நம் வீட்டிலேயே ஓர் அருமையான பாடத்திட்டம் இருக்கிறது. புள்ளிக் கோலம்!

முதல் நாள் புள்ளி மட்டும். ஏழு வரிசை, ஏழு புள்ளி, எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும். இரண்டாம் நாள், புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். மூன்றாம் நாள் சிக்குக் கோலம். வளைவுகளில் கோட்டின் கனம் மாறாமல் வந்துவிட்டால், உங்கள் விரல் தயார். வீட்டில் கோலம் போடுபவர்கள் ஒருமுறை வாங்கிப் பிடித்துப் பார்க்கட்டும். மாவின் அளவை விரலிடுக்கில் கட்டுப்படுத்திப் பழகியவர்களுக்கு இந்த விசை சீக்கிரமே வசப்படக்கூடும்.

ஒரு விதி மட்டும் நினைவில் இருக்கட்டும். தொடங்கும்போது முதலில் காற்று, பிறகு பெயின்ட். முடிக்கும்போது முதலில் பெயின்ட்டை நிறுத்தி, பிறகு காற்றை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் முனையில் தங்கிய பெயின்ட், அடுத்த முறை பொட்டென்று தெறிக்கும்.

கழுவாதவர்களுக்கு ஏர்பிரஷ் இல்லை

ஒரு ஏர்பிரஷ் பரணுக்குப் போவதற்கு முக்கியக் காரணம் அது மோசமான கருவி என்பதல்ல, கழுவாமல் விட்டதுதான். நிறம் மாற்றும்போதெல்லாம் கப்பைத் துடைத்து, தின்னர் விட்டு, தெளிவாக வரும் வரை தூவுங்கள். நாள் முடிவில் ஊசியை உருவி, மென்மையாகத் துடைத்து, நாசிலைச் சுத்தம் செய்யுங்கள். வாஷ்பேசினில் கழுவுவதாக இருந்தால் ஓட்டையை முதலில் அடைத்துவிடுங்கள். அரிசிமணி அளவு நாசில் சாக்கடைக்குப் போனால் திரும்பாது.

கோளாறுகளும் பெரும்பாலும் இவைதான்:

* கப்பில் குமிழி கிளம்பினால்: நாசில் அடைப்பு அல்லது முன்மூடி லூஸ்.

* பொட்டு பொட்டாகத் தெறித்தால்: முனையில் பெயின்ட் காய்ந்திருக்கிறது, ஊசி வளைந்திருக்கிறது அல்லது ஹோஸில் தண்ணீர்.

* சிலந்திக் கால்போல வண்ணம் ஓடினால்: பெயின்ட் தண்ணீராக இருக்கிறது அல்லது மிக அருகில் பிடித்திருக்கிறீர்கள்.

* மணல்போலச் சொரசொரப்பாக வந்தால்: தூரம் அதிகம். பெயின்ட் வழியிலேயே காய்ந்துவிடுகிறது.

கொலுவுக்கும் கைகொடுக்கும்

‘இவ்வளவு செலவு செய்து பொம்மை விமானத்துக்கு மட்டுமா?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நவராத்திரி வரும்போது பதில் சொல்லலாம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் என்றோ வாங்கிய காகிதக்கூழ் பொம்மைகள் நிறம் மங்கிப் பரணில் இருக்கும். தூசி தட்டி, விரிசலை அடைத்து, உடையின் பெரிய பரப்புகளை ஏர்பிரஷால் புதுப்பிக்கலாம். கண்ணும் புருவமும் மட்டும் கை பிரஷுக்கே விடுங்கள். பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்ட், பழைய பொம்மை ரயில், பூந்தொட்டி எல்லாமே இதன் வேலைதான்.

ரயில் பிரியர்கள், பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய் நிஜப் பெட்டிகளை போட்டோ எடுத்துவந்து நிறம் ஒப்பிடலாம். ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியைச் செய்ய ஆசைப்படுபவர்களும் நிஜ டாங்கியின் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு நிறம் கலக்கட்டும். எந்த மாடலுக்கும் நிஜப் பொருள்தான் முதல் வழிகாட்டி.

ஒரே ஓர் எச்சரிக்கை: மாடலுக்குப் பயன்படுத்திய ஏர்பிரஷை எவ்வளவு கழுவினாலும் கேக்குக்கோ மேக்கப்புக்கோ பயன்படுத்தக் கூடாது. அதற்குத் தனி.

ஆக, எதை வாங்கலாம்?

கையில் இருக்கும் தொகையை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் மாஸ்க்கும் காற்று வெளியேறும் ஏற்பாடும். அடுத்து டேங்க், ரெகுலேட்டர், மாய்ஸ்ச்சர் ட்ராப் உள்ள கம்ப்ரஸர். மூன்றாவது, பெயின்ட், தின்னர், கழுவும் சாமான்கள். மிச்சம் இருக்கும் தொகைக்கு, மேலே கப் உள்ள, 0.3 மி.மீ. டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் ஒன்று, ஒரு ஜோடி ஸ்பேருடன்.

மிச்சம் குறைவாக இருந்தால் பெயரில்லாத ஏர்பிரஷே இருக்கட்டும். பத்து மாடல் முடிந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அன்றைக்கு நல்ல பிராண்டாக ஒன்று வாங்கி அதே ஹோஸில் மாட்டிக்கொள்ளலாம். பழையது பிரைமர் அடிக்க உதவும். விலையுயர்ந்த ஏர்பிரஷை வாங்கி, ஈரம் துப்பும் கம்ப்ரஸரில் மாட்டி, மூடிய அறையில் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்தால் மாடலும் கெடும், உடம்பும் கெடும்.

மிக்-21-க்கு உங்கள் வீட்டு அலமாரியில் ஓர் இடம் ஒதுக்கிவையுங்கள். புள்ளிக் கோலம் பழகி முடிப்பதற்குள் கிட் வந்து சேர்ந்துவிடும்!